சத்தமில்லாத வண்டி

"காலை இன்னும் கொஞ்சம் மடக்குக்கா. கதவு மூட மாட்டேங்குது."

அவள் கணவரின் முழங்காலை இரண்டு கைகளாலும் பிடித்து மடக்கினாள். வலித்திருக்க வேண்டும். முகம் சுளிக்கக்கூட அவரிடம் தெம்பு இல்லை. பின் இருக்கையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வாங்கிக்கொண்டாள். தம்பி கதவைச் சாத்திவிட்டு முன்னால் ஓடினான்.

ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் காலையில் சொன்னபோது, அவர் சொல்லாமல் விட்டதும் சேர்த்தே இருவருக்கும் புரிந்தது. கணவர் கேட்டது ஒன்றைத்தான்.

"என் கட்டில்ல போய்ப் படுத்துக்கறேன். அதுவரைக்கும் தாங்குவேன்."

தெருவோர ஜன்னலை ஒட்டிய கட்டில் அது. படுத்தபடியே, போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, இதுக்கு பெல்ட் போச்சு, இவன் கியரைக் கொல்றான் என்று தீர்ப்பு சொல்லிக்கொண்டிருப்பார். "கண்டிப்பாக் கூட்டிட்டுப் போறேங்க" என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள். கொடுத்த பிறகுதான் தெரிந்தது, ஆம்புலன்ஸ் ஏதோ விபத்துக்குப் போயிருக்கிறது, எப்போது திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது. மிச்சமிருந்தது தம்பியின் வண்டிதான். எதில் ஏறவே மாட்டேன் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றாரோ, அதே வண்டி.

டாக்ஸி ஸ்டாண்டில் அவருக்கு ஸ்டெத்து என்று பெயர். ஓடுகிற வண்டியின் பானெட்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினால் போதும், உள்ளே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் அவர் கை வைக்க வேண்டும். பெட்ரோலிலும் பேட்டரியிலும் மாறி மாறி ஓடும் ஹைப்ரிட் வண்டியின் பேச்சு வந்தபோது ஸ்டாண்டே இரண்டு கட்சியானது. பெட்ரோல் பாதிதான் குடிக்கும் என்றது ஒரு கட்சி. பேட்டரி போனால் தலையில் துண்டுதான் என்றது இன்னொன்று. தம்பி யாரையும் கேட்காமல் வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினான். ஸ்டெத்து கை வைத்தார். வைத்துக்கொண்டே இருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணுடா."

"ஆன்லதான் மாமா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையை உதறிக்கொண்டார். "செத்துச்சா உயிரோட இருக்கான்னே தெரியல. இதெல்லாம் ஒரு வண்டியா? உயிர் இருக்கிற வரைக்கும் இதுல ஏற மாட்டேன்." அன்றிலிருந்து மாமனும் மச்சானும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மற்ற டிரைவர்கள் இன்றுவரை வாங்கவில்லை. ஸ்டெத்து ஒரு தடவை ஏறி ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தார்கள்.

"ஏன்டா நிக்கிற? எடுடா!" என்று பின் இருக்கையிலிருந்து அவள் கத்தினாள்.

"போயிட்டுதான்க்கா இருக்கோம்."

ஆஸ்பத்திரி மதில் ஜன்னலுக்கு வெளியே நகர்ந்துகொண்டிருந்தது. மாமாவுக்கு வேர்க்கிறதே என்று தம்பி ஏசியைக் கூட்டினான். பெரிய சாலையில் ஏறி வேகமெடுத்ததும் எங்கோ அடியில் ஒரு முனகல் கிளம்பியது. மடியில் இருந்தவர் கண்ணைத் திறக்காமல் உதட்டை அசைத்தார்.

"இப்ப... இன்ஜின் வந்துது."

தம்பி கண்ணாடியில் பார்த்தான். "ஆமா மாமா."

"நிறுத்தினா?"

"தானா அணைஞ்சிடும். பேட்டரிக்கு வேணும்னா, நின்னுட்டு இருந்தாக்கூட தானா ஓடும்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காது மாமா."

"உன்னை மாதிரியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு அவர் நெற்றியைத் துடைத்தாள். தம்பி புறங்கையால் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. இன்ஜினும் நின்றது. உடனே அவர் மூச்சு கேட்டது. கிழிந்த துணியை இழுப்பதுபோல ஒரு இழுப்பு, நீண்ட இடைவெளி, மறுபடி ஒரு இழுப்பு. பச்சை விழுந்து வண்டி வேகம் பிடித்தால் இன்ஜின் அதை மூடிவிடும். அவள் குனிந்து அவர் வாயருகே காதை வைத்துக்கொள்வாள். அடுத்த சிவப்புக்காகத் தவித்தாள். நின்றால் நேரம் போகிறதே என்றும் தவித்தாள். எதிரே ஒரு லாரி குறுக்கே நின்று திரும்ப முயன்றபோது, வாழ்நாளில் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லி அந்த டிரைவரைத் திட்டினாள்.

டாக்ஸி ஸ்டாண்டைத் தாண்டும்போது தம்பி வேகத்தைக் குறைத்துப் பின் ஜன்னலை இறக்கினான். செய்தி போயிருந்தது. எல்லோரும் சாலையோரம் வந்து நின்றார்கள். அதில் ஒருவர், அவருடைய இத்தனை வருட சிநேகிதர், ஜன்னலோடு கூடவே ஓடி வந்தார். என்ன சொல்வது என்று தெரியாமல் வாயில் வந்ததைக் கேட்டார்.

"எப்படிண்ணே இருக்கு வண்டி?"

மடியில் இருந்தவர் கண்ணைத் திறந்தார். யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"பரவால்ல," என்றார். "ஆனா..."

சிநேகிதரால் அதற்குமேல் ஓட முடியவில்லை. வண்டி வேகமெடுத்தது.

வீட்டுக்குத் திரும்பும் முனையில் கடைசி சிக்னல். வண்டி நின்றது. இன்ஜின் அணைந்தது. அவள் காத்திருந்தாள். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரின் படபடப்பு கேட்டது. ஏசிக் காற்று கேட்டது. அவள் இன்னும் காத்திருந்தாள்.

"எடுடா," என்றாள்.

"சிவப்புக்கா."

"இன்ஜினையாவது போடுடா. சத்தம் வரட்டும்."

தம்பி திரும்பிப் பார்க்கப் போனான்.

"திரும்பாத!" என்றாள். "தூங்கறாரு. நீ ரோட்டைப் பாரு."

அவள் அவர் மார்பில் கை வைத்துப் பார்க்கவில்லை. மூக்கருகே விரலைக் கொண்டுபோகவில்லை. பார்க்காத வரைக்கும் அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரே தெரு. அடகுக் கடை, தையல் கடை, பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடக் கேட் எல்லாம் கடந்தன. தம்பி திரும்பவில்லை. கண்ணாடியையும் பார்க்கவில்லை.

வாசலில் நிறுத்தியதும் அவன் கதவைத் திறந்துகொண்டு, தூக்குவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரை அழைக்க ஓடினான். ஓடின வேகத்தில் வண்டியை அணைக்க மறந்துவிட்டான். சத்தமே இல்லாத வண்டியில் யாருக்குத்தான் நினைவு வரும்?

அவள் தனியாக இருந்தாள். ஜன்னல் வழியே கட்டிலின் ஒரு மூலை தெரிந்தது. இனி தள்ளிப்போட வழியில்லை. அவள் அவர் மார்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள், அவர் பானெட்டில் வைப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் இல்லை.

பிறகு இருந்தது. கைக்குக் கீழே மெல்லிய அதிர்வு. விடாமல் ஒரே சீராக.

"ஏங்க!" என்று அலறினாள். "ஏங்க, வந்துட்டோம்! பாருங்க, நம்ம வீடு! ஏங்க!"

அலறல் கேட்டுத் தம்பி ஓடி வந்தான். வண்டியருகே வந்ததும் நின்றான். அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்த்தான். முன் கதவு வழியாக எட்டி, அணைக்கும் பொத்தானை நோக்கிக் கையை நீட்டினான்.

"அணைக்காதடா."

அவன் கையை இழுத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக்காரர் படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்ஜின் எவ்வளவு நேரம்டா ஓடும்?"

"பேட்டரி ரொம்பற வரைக்கும்க்கா."

அவள் தலையசைத்தாள். உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டாள்.