மூடாத ஆல்பம்

1

இந்தக் கதை ஒரு தையல் கடையில் கிடைத்தது. சட்டை வாங்கப் போன இடத்தில், தோல் அட்டை போட்ட புகைப்பட ஆல்பம் ஒன்றின் மேல் இஸ்திரிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. தையற்காரம்மா பெட்டியை எடுத்தார். ஆல்பம் தானாக வாயைத் திறந்தது. "நீங்களே செஞ்சதா?" என்றேன். "சட்டை வியாழக்கிழமதான் கிடைக்கும்" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(கடையில் இருப்பவர் 'அவர்'. கதையில் இருப்பவள் 'அவள்'. மரியாதைக் குறைவல்ல, உரிமை.)

2

தோலின் வாசனை அந்த அறையில்... (வேண்டாம். தோல் என்றால் உடனே வாசனை. எழுதி எழுதிச் சலித்துவிட்டது.)

மறுபடி: அவளுக்கு ஒரே மகள். நாளைக் காலை வேலைக்காக வெளிநாடு கிளம்புகிறாள். "எல்லாப் போட்டோவும் ஒரே ஆல்பத்துல வேணும்மா. அப்பா இருக்கறதும்" என்று கேட்டிருந்தாள். அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய் வருடங்களாகிவிட்டன. அம்மா சரியென்றாள். தாள்களை மடித்துத் தைத்தாள், ஆல்பத்தின் முதுகில் தோலை ஒட்டினாள், படங்களையும் ஒட்டினாள். முதல் ஆல்பம், கோணல்மாணலாக இருந்தாலும் லட்சணமாகவே வந்தது. மூடத்தான் மாட்டேன் என்றது.

3

(பைண்டிங் தெரியாதவர்களுக்கு: படம் ஒட்ட ஒட்ட ஆல்பம் தடிக்கும். அதை ஈடுகட்ட, தைக்கும்போதே முதுகுப் பக்கம் தாளுக்குத் தாள் ஒரு காகிதப் பட்டை வைக்க வேண்டும். அவள் வைக்கவில்லை.)

புதிதாகச் செய்கிறவள், மறந்துவிட்டாள் என்று முதலில் எழுதினேன். பிறகு எனக்கே உறுத்தியது. உடம்பு பெருக்குமே என்று எந்தச் சட்டையிலும் உள்ளே துணி விட்டுத் தைக்கிறவள், இவளா மறப்பாள்? அப்பா இருக்கும் படங்களை மட்டும் எடுத்துவிட்டால் ஆல்பம் கச்சிதமாக மூடுகிறது. வேண்டுமென்றே விட்டாளோ என்று சந்தேகப்படக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. பாவம், அவளும் எத்தனை நாள்தான்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

4

முடிவு ஒன்று: படங்களை எடுக்கிறாள். ஆல்பம் மூடுகிறது, கதையும் மூடுகிறது. மகள் கேட்டால் "இடம் பத்தலடி" என்பாள். அது பொய்யும் இல்லை.

முடிவு இரண்டு: தையலை அறுத்து, பட்டை வைத்து, மறுபடி தைக்கிறாள். முதுகுத் தோல் கிழியும். வேறு தோல் கிடையாது. எல்லாப் படமும் இருக்கும், ஆனால் முதுகில் நூல் தெரிய மொட்டையாக...

5

எதை எழுதுவது என்று நான் முடிவு செய்வதற்குள் மகளே வந்து நின்றாள். அவளை நான் கூப்பிடவில்லை. ஆல்பத்தை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். கையை எடுத்ததும் அது விரிந்தது.

"அப்பா படத்த எடுத்துட்டா மூடிடும்ல?"

அம்மா ஆல்பத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்துடும்மா. பரவாயில்ல. நீயும்தான் எவ்வளவு பாடுபடுவ."

சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போனாள். போகும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதிப் பார்த்தேன். எந்தச் சொல்லும் சரிப்படவில்லை. அம்மா பார்த்தாள். இனி அவளுக்கு எந்தச் சாக்கும் இல்லை.

கத்தியை எடுத்துவிட்டாள். அப்பா படத்துக்கு அடியிலும் விடலாம், தையலிலும் விடலாம். அந்த முகத்தைப் பார்த்தவள் அவள், நானல்ல. உங்கள் வீட்டில் யாராவது அப்படி "பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால், கத்தி எங்கே இறங்கும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.