ஞானதாஸ் வைத்த பல்புப் பெட்டி

தெருச் சங்கத் தலைவர் ஞானதாசுக்கு நல்ல காரியம் என்றால் மேடை போட்டுத்தான் நடக்க வேண்டும். ஃபியூஸ் போன பல்பும் தீர்ந்த பேட்டரியும் சேர்க்க ஒரு பச்சைப் பெட்டி வைத்ததற்கே மைக்செட், பொன்னாடை, முழநீளப் பேச்சு. பல்பு உடைந்தால் பாதரசம் மண்ணைக் கெடுக்கும் என்று அவர் முழங்கியதைத் தையல்கடை வினோலியாவும் நம்பித் தொலைத்தாள். பழைய சி.எஃப்.எல் பல்புகளைப் பூப்போட்ட துணியில் சுற்றி, பேட்டரி முனைகளில் டேப் ஒட்டி, பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல் கொண்டுபோய்ப் போட்டாள்.

மழை விட்ட ஒரு காலை, பக்கத்து ஊரான அகரத்தில் தைத்த ரவிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவள் ஓடைப் பாலத்தில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். கீழே சேற்றில் பல்புகள் நொறுங்கிக் கிடந்தன. அவற்றோடு அவளுடைய பூப்போட்ட துணியும். இரண்டு ஆடுகள் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தன.

நேரே ஞானதாஸ் வீட்டுக்குப் போனாள். அவர் இட்லியில் மும்முரமாக இருந்தார்.

“அண்ணே, ஓடைல கொட்டச் சொன்னது நீங்களா?”

“பெட்டி ரொம்பிருச்சு தங்கச்சி. வேற எங்க கொட்ட?”

“அம்புட்டுப் பேசுனீங்களே!”

“பேசுறது விழிப்புணர்வுக்கு. அதுக்காக ஒவ்வொரு பல்பையும் மடியில வச்சுக் கொஞ்சவா?”

“எங்க குடுக்கணும்னாவது தெரியுமா?”

அவர் இன்னொரு இட்லியைச் சட்னியில் முக்கினார். தெருவுக்கே பாடம் நடத்திய மனிதர், பெட்டி நிறைந்தால் அடுத்து என்ன என்று ஒருதரம்கூட யோசித்ததில்லை.

வினோலியா அங்கேயே நின்று மாநகராட்சிக்குப் போன் போட்டாள். தனியாக மூடிக் கொண்டுவந்தால் குப்பை பிரிக்கும் இடத்தில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள்.

“வாங்கண்ணே, அள்ளுவோம்.”

“நானா? ஆள் அனுப்புறேன்.”

“ஆளு அனுப்பித்தான் இந்தக் கூத்து,” என்று அவர் மனைவி அறிவுச்செல்வி ரப்பர் கையுறையையும் மூடிபோட்ட வாளியையும் கொண்டுவந்து வைத்தாள். “எந்திரிங்க.”

சலவை வேட்டியோடு தலைவர் ஓடையில் இறங்கினார். மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, அட்டையால் சில்லுகளை வழித்து வாளியில் போட்டார். மேடைக்கு வராத கூட்டம் பாலத்துக்கு வந்துவிட்டது.

“தலைவரே, அந்தா ஒரு பேட்டரி செல்லு!” என்று மேலிருந்து யாரோ கத்த, குனிந்து எடுத்தார். கூடவே குனிந்து அள்ளிக்கொண்டிருந்த வினோலியாவுக்கு அவர்மேல் இரக்கம் துளியும் வரவில்லை.

கரையேறும்போது அவருக்கு முழங்கால்வரை சேறு.

“போதுமா தங்கச்சி?”

“வாளிய ஆட்டோல ஏத்துங்க. நானும் கூட வாரேன்,” என்றாள் அவள். “உங்கள நம்பித் தனியா அனுப்புறதா இல்ல.”