நாப்பத்தோராவது விதி

ரெண்டாயிரத்து ஆறுல நாவலூர் ஆபீஸ்ல எங்க வேலை இன்னான்னா, உலகமே ஒத்துக்கிற அடிப்படை உண்மைகளை கம்ப்யூட்டருக்குப் புரியற குறியில எழுதறது. தத்துவம் படிச்ச பத்ரி உண்மையைச் சொல்லுவான். திருப்போரூர்க்காரன் ராஜாராம், நான், அதைக் குறியா மாத்துவேன். 'ஒரு பொருள் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்காது.' இதைக் கேட்டுட்டு எங்கம்மா, "இது நம்ம மாட்டுக்கே தெரியுமேடா, இதுக்கா சம்பளம் குடுக்கிறானுங்க?"ன்னு சிரிச்சுது.

நாப்பத்தோராவது விதியில சண்டை வந்துச்சு. மெஷினுக்குக் குடுத்த தகவலை வச்சு ஒரு விஷயத்தை நிரூபிக்க முடியலைன்னா, அது பொய்னு எடுத்துக்கணும். அப்படி எழுதினாத்தான் பதில் சட்டுனு வரும்.

பத்ரி குதிச்சான். "தெரியலைங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணாடா?"

"மெஷினுக்கு ஒண்ணுதான். பேஜாரு பண்ணாத மச்சான், திங்கக்கிழமை குடுத்தாவணும்."

அவனுக்குத் தெரியாம சேத்துட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில மாமல்லபுரம் கடற்கரையில வச்சுத்தான் சொன்னேன். சட்டையைக் கழட்டி என் மேல வீசிட்டு தண்ணியில எறங்கிட்டான். போடா, உனக்கே இவ்ளோ இருந்தா எனக்கு எவ்ளோ இருக்கும்னு நானும் கடலுக்கு முதுகைக் காட்டி உக்காந்துகினு மாங்கா தின்னேன். திரும்பிப் பாத்தப்ப ஆளைக் காணோம்.

மீனவங்க மூணு நாள் படகுல தேடினாங்க. உடம்பு கெடைக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு பத்ரியோட அப்பா வெங்கடராகவன் என்னைச் செங்கல்பட்டு வூட்டுக்குக் கூப்பிட்டாரு. உடம்பு கெடைக்கலைன்னா தர்ப்பையில உருவம் பண்ணி, அதை எரிச்சு காரியம் பண்றது அவங்க வழக்கம். பத்ரி பொண்டாட்டி மீரா அதுக்கு விடமாட்டேங்குதாம். முழுகினதை யாருமே பாக்கலையேங்குதாம். தெனம் அவனுக்கு எலை போட்டுட்டு, தான் சாப்பிடாம காத்துகினு இருக்குதாம்.

"நீதானேப்பா கூட இருந்தே. நீ சொன்னாத்தான் கேப்பா"ன்னாரு.

மீரா பாதியா எளைச்சுப் போயிருந்துச்சு.

"நீங்க பார்த்தேளா?"

பாக்கல. இருக்கானா இல்லையான்னு தெரியாது, அதுதான் உண்மை. தெரியலைன்னா இல்லைன்னு மெஷினுக்கு எழுதிக் குடுத்தவன் நான். ஆனா இந்தப் பொண்ணுகிட்ட தெரியாதுன்னு சொன்னா, ஆயுசுக்கும் எலை போட்டுகினே இருக்கும்.

"பாத்தேம்மா. முழுகினதை என் கண்ணால பாத்தேன்."

"கரையைத் திரும்பிப் பார்த்தாரா?"

"பாத்தான்."

"உங்களைக் கூப்பிட்டாரா?"

கோவத்தோட போனான்னு அது நெனைச்சுக்கக் கூடாதேன்னு, "ராஜாராம்னு கத்தினாம்மா"ன்னுட்டேன்.



"கூப்பிட்டும் நீங்க போகலையா?"



"போகலம்மா."

எழுந்து உள்ள போய் கதவைச் சாத்திக்கிச்சு. அழற சத்தம் கேட்டுச்சு. பெரியவர் எழுந்து, காரியம் பண்ணி வைக்கிற வாத்தியாருக்கு போன் பண்ணப் போனாரு. என்னை இருன்னும் சொல்லல, போன்னும் சொல்லல.