பதினோராவது காது

நான் பல் செட் செய்கிறவள். இந்த ஊரில் பாதிப் பேர் சிரிப்பது என் கைவேலை. இருந்தும் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில் எனக்குப் 'பூனைக்காரி' என்றுதான் பேர். தண்ணீர் மோட்டார் அறைக்குப் பின்னால் இருக்கும் தெருப்பூனைகளுக்குச் சோறு வைக்கிறேன், ஒவ்வொன்றாகக் கூண்டில் பிடித்துக் கருத்தடை ஆபரேஷன் செய்வித்துக் கொண்டுவந்து விடுகிறேன், அதற்குக் கிடைத்த பட்டம். நான் பெற்றுக்கொண்ட முதல் பட்டமும் அதுதான் என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கோபம் இருக்கிறது. ஆபரேஷன் ஆன பூனை குணமாகும்வரை எங்கள் குளியலறையில்தான் தங்கும். அந்த நாட்களில் அவர் குளிக்க அவருடைய அக்கா வீட்டுக்குத் துண்டோடு பஸ் ஏறிப் போகிறார்.

ஆபரேஷன் ஆன பூனைக்கு இடது காது நுனியை டாக்டரம்மா நேராக வெட்டிவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தாலே, இது முடிந்தது, இதை மறுபடி பிடிக்க வேண்டாம் என்று தெரியும். தெருப்பூனைக்கு அதுதான் அடையாள அட்டை.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் எனக்கும் ஆறு மாதத்துக்கு முன்பு ஒரு ஒப்பந்தம் ஆனது. எழுதியவர் செயலாளர். நான்காவது மாடி, ஒண்டிக்கட்டை, நிலம் அளக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அறிவிப்புப் பலகையில் ஒட்டும் காகிதத்துக்குக்கூட ஸ்கேல் வைத்து ஓரம் போடுவார். ஒப்பந்தத்தில் மூன்று விதிகள். ஒன்று, பூனைகள் பதினொன்றுக்கு மேல் போகக் கூடாது. இரண்டு, பதினொன்றுக்கும் காது வெட்டியிருக்க வேண்டும். மூன்று, முன்பிருந்தே இருக்கிற தடைப்படி யாரும் வீட்டுக்குள் பூனை வைத்திருக்கக் கூடாது. ஆபரேஷன் ஆன பூனை மட்டும் குணமாகும்வரை விதிவிலக்கு. அந்த விதிவிலக்குக்காக நான் இரண்டு கூட்டம் தொண்டை கிழியக் கத்தினேன். கெடு முடிகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லோர் முன்னாலும் எண்ணிக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் பூனை பிடிக்கிற வண்டி வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போகும். எங்கே கொண்டுபோவார்கள் என்று கேட்டேன். "அது அவங்க பாடு" என்றார் பொருளாளர். அவர் காரின் மேல் மேனேஜர் தினமும் தூங்குகிறான். மேனேஜர் என்பது ஒரு கிழட்டுக் கடுவன் பூனை. எந்த வேலையும் செய்யாமல் எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பேர்.

புதன்கிழமை நிலவரம்: பத்துக் காது முடிந்தது. பாக்கி ஒன்று, சாம்பல். பேருக்கேற்ற நிறம், பெண், மகா கள்ளி. மூன்று வாரமாகக் கூண்டைச் சுற்றி வருவாள், வாசலில் உட்கார்ந்து உள்ளே இருக்கும் மத்தி மீனை முகர்வாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். அந்தப் பார்வையை என் மாமியாரிடம் மட்டும்தான் முன்பு பார்த்திருக்கிறேன்.

அன்று மாலை மங்கும் நேரத்தில் கூண்டுக் கதவு படாரென்று விழுந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒன்று சுருண்டு கிடந்தது. நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. போர்வையை மேலே போட்டேன். பயந்த பூனை இருட்டில் அமைதியாக இருக்கும். மறுநாள் காலை டாக்டரம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அன்று முழுக்க நான் தேய்த்த பற்களெல்லாம் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்திருக்கும்.

மதியம் போன் வந்தது.

"வயித்துல முடியைச் சிரைச்சுப் பாத்தா பழைய தழும்பு இருக்கு" என்றார் டாக்டரம்மா. "எப்பவோ ஆபரேஷன் ஆன பூனை. நல்லவேளை, திறக்கல. இன்னொரு தடவை யாரும் திறந்துடக் கூடாதேன்னு காதை வெட்டிட்டேன்."

"தெருப்பூனைக்கு யார் ஆபரேஷன் பண்ணியிருப்பாங்க?"

"தெருப்பூனையா இது? நகத்தை வெட்டி விட்டிருக்காங்க. உடம்புல ஒரு உண்ணி இல்ல. யாரோ வீட்டுல ராணி மாதிரி இருந்திருக்கு."

வேற்று வீட்டுப் பூனையைப் பிடித்துக் காதை வெட்டிவிட்டேன். அதுவும் பூனையே வளர்க்கக் கூடாத கட்டடத்தில்.

சாயங்காலம் வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறையில் கூண்டைத் திறந்ததும் அது வெளியே வந்து, மடித்து வைத்திருந்த துண்டின் மேல் ஏறி உட்கார்ந்தது. மத்தி மீனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆறு மணிக்குக் கீழேயிருந்து டிங், டிங், டிங் என்று ஒரு சத்தம் வந்தது. பூனை எழுந்து நின்று கத்த ஆரம்பித்தது. சாதாரணக் கத்தல் இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். மோட்டார் அறைப் பக்கம் செயலாளர் நின்றிருந்தார். கையில் ஒரு ஸ்பூன், அதைக்கொண்டு தண்ணீர்க் குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். முதல் மாடிக்காரர் என்னவென்று கேட்டதற்கு, "குழாய்ல அடைப்பான்னு பாக்கறேன்" என்றார். அவர் உள்ளே போனதும் செயலாளர் குனிந்து செடிக்குள் மெதுவாகக் கூப்பிட்டார்.

"பாப்பா... பாப்பா..."

வீட்டில் பூனை வைத்திருக்கக் கூடாது என்று மூன்றாவது விதி எழுதிய மனிதர். தொலைந்த பூனைக்கு ஒரு நோட்டீஸ் ஒட்டக்கூட வழியில்லாமல் தன் கையாலேயே தனக்கு ஆப்பு வைத்துக்கொண்டவர்.

என் வீட்டுக்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆறு வருடத்தில் பூனை விஷயத்தில் அவருக்கு முகம் மலர்ந்தது அன்றுதான்.

"சாம்பலைப் பிடிக்கவே வேணாம்" என்றார். "நேரா மேல போ. உங்க குட்டு என்கிட்ட இருக்குன்னு சொல்லு. ஞாயித்துக்கிழமை அவர் வாயே திறக்க மாட்டார்."

"அது மிரட்டல் இல்லையா?"

"பின்ன? நீ வேற என்ன பண்ணப் போற, பாட்டா பாடப் போற?"

யோசித்தேன். மேனேஜர், சித்தி, வாடகை, ஒற்றைக்கண்ணன், மற்ற ஆறு, பிடிபடாத அந்தக் கள்ளி. பதினொன்றையும் வண்டியில் ஏற்றுவதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. மிரட்டுவது என்றே முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை முழுக்க வேலையில் ஒரு கடைவாய்ப்பல்லைத் தேய்த்தபடி வாக்கியத்தைத் தயார் பண்ணினேன். 'சார், ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பேசறீங்களோ, அதைப் பொறுத்துதான் நான் பேசறது.' நல்ல வாக்கியம். மரியாதையும் இருந்தது, விஷமும் இருந்தது.

சாயங்காலம் கூண்டைப் போர்வையால் மூடி நான்காவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மணி அடித்தேன். கதவு திறந்தது.

செயலாளர் மூன்று நாளாகச் சவரம் செய்திருக்கவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததால் ஒரு பக்கம் இறங்கித் தொங்கியது. காகிதத்துக்கு ஸ்கேல் வைத்து ஓரம் போடுகிற ஆள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. என் வாக்கியம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"சார், இது உங்களோடதா?"

அவர் நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல யாரும் பூனை வச்சிருக்கக் கூடாது. விதி மூணு" என்றார்.

"தெரியும் சார்."

அவர் குரலைக் கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து கத்தல் வந்தது. செயலாளர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நான் கூண்டை உள்ளே தள்ளிக் கதவைத் தூக்கினேன். பூனை அவர் மடியில் ஏறி, சட்டைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டது. அவர் அதன் தலையைத் தடவினார். கை இடது காதில் வந்து நின்றது.

தப்பு நடந்த விதத்தை ஒன்று விடாமல் சொன்னேன். புதன்கிழமை குழாய் ரிப்பேருக்கு வந்தவர் கதவைத் திறந்து போட்டதை அவர் சொன்னார்.

"இது திரும்ப வளராதா?"

"வளராது சார்."

"வலிச்சிருக்குமா?"

"மயக்கத்துல இருந்தா. தெரிஞ்சிருக்காது. என்னை மன்னிச்சிடுங்க சார். நான் குனிஞ்சு பாத்திருக்கணும்."

அவர் பூனையை அணைத்தபடி எழுந்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணி. எண்ணிக்கை சரியா இருக்கணும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

படிக்கட்டில் இறங்கும்போது அவரை வாயாரத் திட்டிக்கொண்டே இறங்கினேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மிரட்டப் போன ஒருத்தி மன்னிப்புக் கேட்டுட்டு வந்ததை இப்பத்தான் பாக்கறேன்."

சனிக்கிழமை முழுவதும் கூண்டோடு காத்திருந்தேன். சாம்பல் மதில் மேல் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தாள்.

ஞாயிறு பத்து மணிக்கு மோட்டார் அறைப் பக்கம் முப்பது பேர் கூடிவிட்டார்கள். சங்கத் தேர்தலுக்கு ஏழு பேர்தான் வந்திருந்தார்கள். நான் தட்டை வைத்தேன். மேனேஜர் முதலில் வந்தான், சித்தி வந்தாள், வாடகை வந்தான். பொருளாளர் விரல் நீட்டி எண்ணினார். பத்து. பத்துக்கும் காது சரி.

"பதினொண்ணாவது?"

"வரும்" என்றேன்.

வரவில்லை. கால் மணி நேரம் ஆனது. வந்தாலும் காது முழுசாகத்தான் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். பொருளாளர் வண்டிக்காரரின் நம்பரைப் போனில் எடுத்து வைத்துக்கொண்டு செயலாளரைப் பார்த்தார். மேனேஜர் ஒன்றும் அறியாமல் தட்டை நக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் செயலாளர். மாடிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் பாப்பா இருந்தாள்.

"மூணாவது மாடிப் படிக்கட்டுல இருந்துச்சு" என்று சொல்லித் தட்டுப் பக்கத்தில் இறக்கிவிட்டார். இடது காது நுனி நேராக வெட்டியிருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. "பதினொன்று" என்று பதிவேட்டில் எழுதினார். அழுத்தி எழுதியதில் காகிதம் கிழிந்தது.

பாப்பா அதுவரை இத்தனை பூனைகளைப் பார்த்திருக்க மாட்டாள். மேனேஜர் ஒரு சீறல் சீறினான். அவள் ஓடி வந்து செயலாளரின் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"என்ன சார், உங்க காலையே சுத்துது?" என்றார் பொருளாளர்.

"பூனைங்க அப்படித்தான்."

"சரி, எண்ணிக்கை ஆச்சு. இதை இங்கயே விட்டுட்டு எல்லாரும் கிளம்பலாம். இனிமே எந்தப் பூனையும் படி ஏறக் கூடாது சார். நீங்க எழுதின விதிதான்."

செயலாளர் பேனாவை மூடினார். குனிந்து செருப்பிலிருந்து அவளைத் தூக்கிக் கீழே விட்டார். அவள் மறுபடி ஏறினாள். மறுபடி இறக்கினார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாம் தடவையும் அவள் ஏறினாள். எனக்குத் தாங்கவில்லை.

"அப்படி விட முடியாது" என்றேன். "வயித்தைப் பாருங்க. முடி எடுத்திருக்கு. வியாழக்கிழமைதான் டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தது. குணமாகறவரைக்கும் வீட்டுல வச்சிருக்கலாம். அதுவும் விதி மூணுதான், ரெண்டாவது வரி."

பொருளாளர் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"அப்ப உங்க வீட்டுலயே வச்சுக்கங்க."

"எங்க வீட்டுல பூனைக்குன்னு குளியலறை மட்டும்தான் இருக்கு. ஏற்கனவே என் வீட்டுக்காரர் நாலு நாளா குளிக்கல."

"ஆறு நாள்" என்றார் என் வீட்டுக்காரர். முந்தின நாள்தான் எங்கள் குளியலறையிலேயே குளித்தவர். சுற்றி நின்றவர்கள் ஒரு அடி நகர்ந்தார்கள். அந்த நிமிடம் அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தை அவரிடம் சொல்லவில்லை.

"செயலாளர் சார் தனியாத்தானே இருக்கார்" என்றேன். "அவர் வச்சிருக்கட்டும்."

"எனக்குப் பூனை பழக்கமில்லை" என்றார் செயலாளர்.

"பழகிக்கலாம் சார்."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார் பொருளாளர்.

"குணமாகற வரைக்கும்."

"அது எத்தனை நாள்னு கேக்கறேன்."

"அது பூனையைப் பொறுத்தது."

யாருக்கும் வெயிலில் நின்று மேற்கொண்டு பேசப் பொறுமை இல்லை. கூட்டம் கலைந்தது. அடுத்த வாரம் சாம்பலைப் பிடித்தால் கணக்கு பன்னிரண்டாகும். அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

செயலாளர் பாப்பாவைத் தூக்கிக்கொண்டார். லிஃப்ட் திறந்தே நின்றது. அவர் படிக்கட்டுப் பக்கம் போனார். காலித் தட்டோடு நானும் பின்னால் ஏறினேன். முதல் மாடித் திருப்பத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அஞ்சு வருஷம் ஆச்சு இவ வந்து. டாக்டர்கிட்ட கொண்டுபோனாக்கூட காய்கறிப் பையில வச்சு, மேல கீரைக்கட்டைப் போட்டுத்தான். ஒரு நாள்கூடக் கையில தூக்கிட்டு நடந்ததில்ல."

நான் அவளுடைய காதைப் பார்த்தேன். அந்தக் காதுக்காக என்னை நானே மன்னித்துக்கொள்ள அன்றைக்கும் முடியவில்லை.

இரண்டாவது மாடியில் கதவைத் திறந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

"என் பொறுப்புல இருக்கு" என்றார் செயலாளர்.

மூன்றாவது மாடியில் யாரும் கதவைத் திறக்கவில்லை. யாராவது திறப்பார்களா என்று அவர் பாப்பாவோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, பிறகு மேலே ஏறினார்.