கம்ப்யூட்டர் பொருத்தம்

திருச்செங்கோடு பஸ் நிலையத்துக்குப் பின்னால் அருணகிரி ஐந்து வருடம் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை நடத்தினார். அது தொண்ணூறுகளின் தொடக்கம். டிவியில் மாட்டி ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டர், பக்கத்தில் ஒரு ஃபிளாப்பி டிரைவ். இரண்டு பேருடைய நட்சத்திரத்தையும் தட்டினால் பத்துக்கு எத்தனை பொருத்தம் என்று திரையில் வரும். ஜோசியரிடம் வாதாடுகிறவர்கள்கூட மிஷின் சொன்னால் பேசாமல் எழுந்து போனார்கள்.

அந்த மிஷினுக்கு ஜோசியத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. பொருத்தக் கணக்கைப் புரோகிராமாக எழுத ஆறு மாதம் முட்டிப் பார்த்த அருணகிரி, கடைசியில் ஆறிலிருந்து ஒன்பது வரைக்குள் ஏதாவது ஓர் எண்ணைப் போடு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பிறகு சரிசெய்யலாம் என்று இருந்தார். சரிசெய்வதற்குள் கடையை மூடிவிட்டு மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலுக்குப் போய்விட்டார். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

போன மாசியில் போர்வெல் போடும் ரிக் லாரிக்காரர் குமாரசாமியும் அவர் மனைவி உண்ணாமலையும் வீடு தேடி வந்தார்கள். முப்பத்துநான்கு வருடத்துக்கு முன்னால் அவர்கள் கல்யாணம் முடிவானதே அருணகிரி கடையில்தானாம். ஒன்பது பொருத்தம் வந்ததாம். இப்போது மகள் பிரவீனா, கூட வேலை பார்க்கும் கௌசிக்கைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். ஜோசியர் இரண்டு பொருத்தம்தான் என்கிறார். செல்போனும் இரண்டுதான் என்கிறது.

"அந்தப் பழைய மிஷின்ல பாத்துச் சொல்லுங்கண்ணா," என்றார் குமாரசாமி. "அது சொன்னா நான் கட்டுப்பட்டுக்கறேனுங்க."

அது ஓடாது என்றார் அருணகிரி. ஓட்டிப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று உண்ணாமலை கேட்டாள். வேறு வழியில்லாமல் பரண்மேல் ஏறி மிஷினை இறக்கி டிவியில் மாட்டினார். பவர் பெட்டி புகைந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே பிளக்கைச் சொருகினார். புகையவில்லை. உறையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்து டிரைவில் தள்ளி, அதன் பிடியைத் திருகி, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். டிரைவ் கரகரவென்று சுற்றியது. டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று திரையில் வந்தது. அருணகிரிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

குமாரசாமி முகம் தொங்கிவிட்டது. போன் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

உண்ணாமலை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "தொடைச்சுட்டு, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணா. புதுசா ஆன் பண்ணுனா மொதல் சோடிக்கு எப்பவும் ஒம்பதுதானுங்களே."

அருணகிரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளே விவரம் சொன்னாள். அவர் கடைக்கு மேல்மாடியில் அவள் டைப்பிங் படித்தாள். கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு ஜாதகத்தோடு வந்து பார்த்ததில், கடை திறந்ததும் முதலில் வருகிறவர்களுக்கு ஒன்பது என்று கண்டுபிடித்தார்கள். குமாரசாமியைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு, அப்பாவை அவள்தான் விடிந்ததும் விடியாததுமாகக் கிளப்பிக் கூட்டிவந்தாளாம். ஊரையே ஏமாற்றிவிட்டதாக இத்தனை வருடம் மனதுக்குள் குறுகிக் கிடந்த அருணகிரிக்கு, ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் எண்கள் அதே வரிசையில்தான் வரும் என்ற, எழுதிய தனக்கே தெரியாத விஷயம் டைப்பிங் பெண்களுக்குத் தெரிந்திருந்தது வெட்கமாக இருந்தது.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு டிரைவின் ஹெட்டைத் துடைத்து, மிஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினார். இந்தத் தடவை ஃபிளாப்பி ஓடியது. குமாரசாமியைக் கூப்பிட்டு, பிரவீனா, கௌசிக் இருவர் நட்சத்திரத்தையும் அவர் கண்ணெதிரே தட்டினார். ஒன்பது வந்தது. குமாரசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் போனில் படம் பிடித்தார்.

அவர் காரை எடுக்கப் போனதும், இந்த முப்பத்துநான்கு வருடம் எப்படிப் போனது என்று உண்ணாமலையிடம் அருணகிரி கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆறு, ஆறரை இருக்குமுங்க," என்றாள்.

வைகாசியில் கல்யாணம். குமாரசாமி அருணகிரியை முன்வரிசையில் உட்காரவைத்து, வந்தவர்களிடமெல்லாம் பெரிய ஜோசியர் என்று அறிமுகப்படுத்தினார். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை கௌசிக்கே தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். இத்தனை சின்ன மிஷினில் பத்துப் பொருத்தத்தையும் எப்படி அடக்கினீர்கள், ஒரு நாள் வீட்டுக்கு வந்து புரோகிராமை வரிவரியாகப் பார்க்க வேண்டும் என்றான்.

ஃபிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிட்டது மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு, அருணகிரி பாயசத்துக்கு டம்ளரை நீட்டினார்.