பட்டை தராத மரம்

கோடரி மரத்தில் இறங்கியபோது 'டொக்' என்றது. 'பொத்'தென்று கேட்டிருக்க வேண்டும். ஜெர்வாசியோ அலகைத் திருகிப் பார்த்தார். பக்கத்தில் நின்று ஒருவன் தும்மினாலே, பாட்டில் அடைக்கும் தக்கைப்பட்டை கழன்று விழுந்த வருஷங்கள் உண்டு. இப்போதோ பட்டையும் மரமும் புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்ள, பொண்டாட்டிகிட்ட காசு கேக்கிற மாதிரி தட்டுற?" என்றார் மரத்தின் மறுபக்கத்தில் நின்ற பெலர்மீனோ. ஜெர்வாசியோவின் மனைவிக்கு அண்ணன் அவர்.

"உன் தங்கச்சியாவது எப்பவாச்சும் குடுப்பா மச்சான். இது குடுக்காது."

இருவரும் ஒரு ஜோடி. ஒரே மரத்தை இரண்டு பக்கமும் நின்று உரிப்பார்கள். சண்டை போடாமல் ஒரு மரத்தையும் உரித்ததில்லை.

அலென்தேஜோ சீமையில் மழை பொய்த்து மூன்றாவது கோடை இது. புல் சாம்பலாகிவிட்டது, ஓடைக்குத் தான் ஓடை என்பதே மறந்துவிட்டது. தக்கை மரங்கள் மட்டும் பச்சையாக நின்றன, கொஞ்சம் திமிராகவே. ஆட்டுக்குளம்பு போலக் கெட்டியான சின்ன இலை, அடியில் நரைத்த ரோமம். வெயில் ஏறியதும் இலையிலுள்ள கண்ணுக்குத் தெரியாத வாய்களையெல்லாம் மூடிக்கொண்டு, மூச்சுக்காற்றைக்கூட வீணாக்காமல் நிற்கும், மகா கருமி. கிணறு வெட்டுகிறவர்களே இதன் வேரிடம் வழி கேட்டுத்தான் இறங்குவார்கள் என்பார் பெலர்மீனோ. வறட்சி கடுமையானால் பழைய இலைகளில் கொஞ்சத்தை உதிர்க்கும், வளர்வதை நிறுத்தும், கடையைச் சாத்திவிடும். அப்போது பட்டைக்கு அடியில் ஈரம் ஓடாது. ஈரம் ஓடாவிட்டால் பட்டை கழலாது. பலவந்தம் செய்தால் உள்ளே இருக்கும் தாய்ப்பட்டையும் சேர்ந்து பிய்ந்து வரும். பிய்ந்த இடத்தில் அப்புறம் தக்கை வளரவே வளராது.

போன வாரம் ஜெர்வாசியோவின் கோடரியில் ஒரு மரம் அப்படிப் பிய்ந்திருந்தது. இன்னொன்று பிய்ந்தால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று கங்காணி சொல்லியிருந்தான். கோடை உரிப்புக் கூலிதான் அவர் வீட்டில் குளிர்காலம் முழுக்க எரியும் அடுப்பு. அவர் வயதில் வேறு கூட்டத்தில் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

கங்காணி அன்செல்மோ வண்டியிலிருந்து இறங்கி வந்தான். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி.

"வெள்ளிக்கிழமை கம்பெனி லாரி வருது. லிஸ்பன்ல முதலாளி பட்டைய வித்துட்டாரு."

"மரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டாராமா?" என்றார் பெலர்மீனோ.

"கேலி வேணாம் பெரியவரே. வேர்ல தண்ணி விட்டா இளகிடும்."

குழாய் திறந்தது. ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர் இங்கே மரத்தடியில் கொப்பளித்து ஓடியது. எறும்புகள் வெள்ளம் வந்துவிட்டதென்று சொத்துசுகத்தோடு கிளம்பின.

"மரமா பொறந்திருக்கலாம் மாப்ள. வாரத்துக்கு ஒரு குளியலாவது கெடச்சிருக்கும்."

ரொட்டியும் ஆலிவும் தின்று முடித்துக் காத்திருந்தார்கள். ஜெர்வாசியோ மறுபடி தட்டினார். டொக். மரம் அத்தனை தண்ணீரையும் காலடியில் வைத்துக்கொண்டு ஓர் இலையைக்கூட அசைக்கவில்லை. லஞ்சம் வாங்காத அதிகாரியைப் பெலர்மீனோ வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி அதற்கு ஒரு வணக்கமும் போட்டார்.

"அடேயப்பா, இதுக்குல்ல சிலை வைக்கணும்!"

ஜெர்வாசியோ சிரிக்கவில்லை. "அன்செல்மோ, நீயும் கோடரி புடிச்சவன்தான். இந்தச் சத்தம் ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்ணே." அவன் மரத்தைப் பார்க்காமல் சொன்னான். "உரிங்க."

"பிஞ்சுக்கிட்டா?"

"பிய்யாம உரிங்க."

"மாட்டேன்னு சொன்னா?"

"வேற ஜோடி உரிப்பாங்க. நீங்க வீட்டுக்குப் போலாம்."

ஜெர்வாசியோ உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டார். அன்றைக்கு அவர் உரித்த மாதிரி யாரும் உரித்ததில்லை. அலகை வெண்ணெய்க்குள் விடுவதுபோல விட்டு, ஒவ்வொரு விரற்கடைக்கும் காதை வைத்துக் கேட்டு, கைப்பிடியின் கூர்முனையால் நெம்பினார். மறுபக்கத்தில் பெலர்மீனோ சண்டைக்கு வராமல் அவர் கோடரிக்கு ஈடாக நெம்பினார். கதவு அகலத்துக்குப் பட்டை ஒரே பலகையாக மெல்ல விலகியது. உள்ளே தாய்ப்பட்டை தேன்நிறத்தில் மினுங்கியது. இடுப்பு உயரம் வரை வந்தாயிற்று. மார்பு உயரம்.

தோள் உயரத்தில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

உள்ளங்கை அகலத்துக்கு வெறுங்கட்டை தெரிந்தது. ஓரங்களில் சிவப்பு நீர் கசிந்தது. ஜெர்வாசியோ அதைக் கையால் பொத்தினார்.

"சொன்னேனே அண்ணே," என்றான் அன்செல்மோ. "சொல்லியிருந்தேனா இல்லையா?"

"நீ சொன்னதத்தான அவன் செஞ்சான்!" என்று கத்தினார் பெலர்மீனோ. "உரின்னது யாரு? நானா, ஒங்கப்பனா?"

"நீங்க அடுத்த மரத்துக்குப் போங்க பெரியவரே. அங்க ஒருத்தன் ஜோடியில்லாம நிக்கிறான்."

பெலர்மீனோ கோடரியைத் தூக்கினார், இறக்கினார், மாப்பிள்ளையைப் பார்த்தார். ஜெர்வாசியோ கண்ணால் 'போ' என்றார். ஒரு வீட்டுக் கூலியாவது மிஞ்சட்டும்.

வண்டி சாயங்காலம்தான் ஊருக்குத் திரும்பும். நடந்துதான் போக வேண்டும். ஜெர்வாசியோ தரையில் கிடந்த சாக்கு ஒன்றை எடுத்து, சேற்றுத் தண்ணீரில் நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பாதையில் வெயில் புகைபோல எழும்பி ஆடிக்கொண்டிருந்தது.

"அண்ணே!" அன்செல்மோ பின்னாலேயே ஓடிவந்தான். "அந்தச் சாக்கு பண்ணையோடது. புண்ணுமேல வெயில் படக்கூடாது."

ஜெர்வாசியோ சாக்கைத் தலையிலிருந்து எடுத்து நீட்டினார். அன்செல்மோ அதைக் குழாயில் நன்றாக நனைத்து, மரத்தின் தோளில் போர்த்தி, நழுவாமல் கயிறு போட்டுக் கட்டினான். தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.