பின்பக்கம் பார்த்த பள்ளிக்கூடம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் அக்காவின் நச்சரிப்பில் பிறந்தது. அக்கா அரசுப் பள்ளித் தலைமையாசிரியை. நூறு வருடக் கட்டடத்தை இடிக்கலாமா என்று பார்க்கப் பொறியாளர் வருவதாக இருந்தது.

"கட்டடத்தோட வரலாறு ரெண்டு பக்கம் எழுதிக் குடுடா. படிச்சா கடப்பாரை தூக்கறவன் கை நடுங்கணும்."

எழுத உட்கார்ந்தேன். 'வானளாவிய தூண்கள்...' (சாய்ந்தால் சட்டையில் சுண்ணாம்பு ஒட்டும் தூண்கள். அடித்துவிட்டேன்.)

'மாபெரும் கட்டடக் கலைஞர் ஒருவர், ஒரு மாலைப்பொழுதில்...' (யார் அவர்? எனக்கும் தெரியாது.)

2

அந்தப் பள்ளியின் வளைவு வாசலும் பதினாறு அகலப் படிகளும் பின்பக்கச் சாக்கடையைப் பார்த்து நிற்கும். தெருவிலிருந்து வருபவர்கள், இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாத கொல்லைக் கதவு வழியாகத்தான் வரவேண்டும். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் அக்கா பன்னிரண்டு வருடமாக, "காத்தோட்டத்துக்காக" என்று சொல்லிவந்தாள்.

நான் ஒருபடி மேலே போனேன்: 'தெரு இரைச்சல் கல்வியைத் தீண்டாதிருக்கவே கலைஞர் வாசலைத் திருப்பினார்.' அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

3

பொறியாளராக வந்த பெண்மணி என் இரண்டு பக்கத்தையும் நின்றபடியே படித்தார். பிறகு பையிலிருந்து பழைய வரைபடத்தை எடுத்து விரித்தார். அதில் வாசல் தெருவைப் பார்த்து இருந்தது.

"கட்டின மேஸ்திரி இதை இப்படிப் பிடிச்சிருக்கார், மேடம்" என்று தலைகீழாகத் திருப்பினார்.

(இங்கே அக்காவின் முகத்தைப் பற்றி நான்கு வரி இருந்தது. அவள் நீக்கச் சொன்னாள்.)

"அந்த ரெண்டு பக்கமும் என் தம்பியோட கைச்சரக்கு" என்று அக்கா ஒப்புக்கொண்டாள். "காத்தோட்டம் என்னோடது."

பொறியாளர் சிரிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். "சுவர் இரும்பு மாதிரி இருக்கு. ஆனா இடிக்காம விடணும்னா, இதுல என்ன சிறப்புன்னு நான் ஒரு வரி எழுதணும். பொய் எழுத மாட்டேன்."

"உண்மையையே எழுதுங்க. நூறு வருஷமா பின்பக்கமா நுழைஞ்சுதான் எங்க பிள்ளைங்க எல்லாம் முன்னுக்கு வந்திருக்காங்க" என்றாள் அக்கா.

அப்போதுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

4

கோப்பு மேலிடம் போய் மூன்று மாதம். பதில் இல்லை.

முடிவு ஒன்று: மேலதிகாரியும் சிரிக்கிறார், கட்டடம் நிற்கிறது.

முடிவு இரண்டு: மேலதிகாரி சிரிக்கத் தெரியாதவர். ஒரு காலை, வளைவு வாசலின்மேல் முதல் கடப்பாரை...

இந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் அக்கா தொலைபேசினாள். "இடிச்சு எழுதினேன்னா வீட்டுப் பக்கம் வராதே!"

"நிக்குதுன்னு எழுதவா?"

"நாளைக்கே இடிச்சுட்டா? மறுபடியும் புளுகுன்னு ஆயிடும்."

ஞாயிறுதோறும் எனக்கு அக்கா வீட்டில்தான் சாப்பாடு. உங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.